வரைபடத்தில் நகரும் அழைப்புக்குறிகள்: ஏபிஆர்எஸ் எப்படி இயங்குகிறது, எங்கே சொதப்புகிறது

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள், உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக்குறி என்ற அடையாளத்தைச் சேர்த்து, தங்கள் இடத்தையும் நிலவரத்தையும் சிறு பாக்கெட்டுகளாக ரேடியோவில் அனுப்பும் முறைதான் ஏபிஆர்எஸ். அவற்றைக் காட்டும் ஏபிஆர்எஸ்.எஃப்ஐ தளத்தின் வரைபடத்தை முதன்முறை பார்ப்பவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்தக் குட்டிக் கார் யாருடையது, அதை யார் கண்காணிக்கிறார்கள்? ஹாம் உரிமம் வாங்கி ரேடியோவும் கையுமாக இருப்பவரின் சந்தேகம் வேறு. எல்லாம் சரியாகத்தானே இணைத்தேன், என் கார் மட்டும் ஏன் வரைபடத்தில் வரவில்லை? வந்தாலும் ஏன் கடலுக்குள் போய் நிற்கிறது?

இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வாடகைக் கார் நிறுவனங்கள் வண்டியில் பொருத்தும் ஜிபிஎஸ் டிராக்கருக்கு ஹாம் உலகத் தம்பி இது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது ஒரு பொதுக் கிணறு. ஒரு வட்டாரத்தின் ஹாம்கள் அத்தனை பேரும் ஒரே அதிர்வெண்ணில், "நான் இங்கே இருக்கிறேன், என் நிலைமை இது" என்று அவ்வப்போது கூவுகிறார்கள். கேட்டவர் குறித்துக்கொள்கிறார், முடிந்தால் இன்னொரு முறை கூவி அடுத்த ஊருக்குக் கடத்துகிறார். இணைய வரைபடம் அந்தக் கூவலில் காதில் விழுந்த பகுதி மட்டுமே. ஏபிஆர்எஸ்ஸின் விதிகளும் எண்களும் கோளாறுகளும் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

## குதிரை ஓட்டத்தில் தொடங்கியது

அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பொறியாளராக இருந்த பாப் புருனிங்கா (அழைப்புக்குறி டபிள்யூபி4ஏபிஆர்), கடற்படையின் இட அறிக்கைகளை ஆப்பிள்-2 கணினியில் வரைபடமாகக் காட்டும் நிரலை 1982-ல் எழுதினார். 1984-ல் 100 மைல் குதிரை ஓட்டம் ஒன்றில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவிக்க, விக்-20 என்ற வீட்டுக் கணினியில் அதை மேம்படுத்தினார். ஏபிஆர்எஸ் என்ற பெயர் 1992-ல் வந்தது. அதிலுள்ள 'பி' முதலில் 'பொசிஷன்' என்பதைக் குறித்தது, பிறகு 'பாக்கெட்' ஆனது (ஆட்டோமேட்டிக் பாக்கெட் ரிப்போர்ட்டிங் சிஸ்டம்). இதை வண்டி தேடும் கருவியாக மட்டும் பார்க்காதீர்கள், உள்ளூர் நிலவரத்தை உடனுக்குடன் இருபுறமும் பரிமாறிக்கொள்ளும் முறை இது என்று 2022 பிப்ரவரியில் இறக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் குறைவு.

## ஒரு பாக்கெட்டின் பயணம்

1. இடம். ஜிபிஎஸ் ரிசீவர் விநாடிக்கு ஒருமுறை இடம், வேகம், திசையைத் தருகிறது. டிராக்கர் அனுப்பும் நேரம் வரும்போது கடைசியாக வந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

2. எழுத்து. அந்த இடம் பாகை, கலை (பாகையில் 60-ல் ஒரு பங்கு) வடிவில் எழுதப்படுகிறது. சென்னைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 13.0827, 80.2707 என்ற இடம், '1304.96 வடக்கு', '08016.24 கிழக்கு' என்று ஆகும். அட்சரேகைக்கு 2 இலக்கப் பாகை, தீர்க்கரேகைக்கு 3 இலக்கப் பாகை. இரண்டிலும் அடுத்து 2 இலக்கக் கலை, புள்ளிக்குப் பின் 2 இலக்கம். கடைசி இலக்கத்தின் ஒரு படி தரையில் சுமார் 18.5 மீட்டர். எந்தத் தெருவில் என்று சொல்ல அது போதும், எந்த வாசலில் என்று சொல்லப் போதாது.

3. உறை. யாரிடமிருந்து, எந்த வழியாக, என்ன செய்தி என்ற மூன்றையும் ஏஎக்ஸ்.25 என்ற நெறிமுறை ஒரே உறையில் போட்டு, கடைசியில் 2 பைட் சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கிறது. 'கிடைத்ததா?' என்ற கேள்வியோ 'கிடைத்தது' என்ற பதிலோ இதில் கிடையாது. ஒரே ஒரு பிட் பிசகினாலும் கேட்பவர் முழுப் பாக்கெட்டையும் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடுவார்.

4. ஒலி. பிட்டுகள் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரு சுருதிகளாக மாறுகின்றன. பழைய தொலைபேசி மோடங்களின் பெல் 202 முறைதான். வேகம் விநாடிக்கு 1200 பிட். மாற்றித் தருவது டிஎன்சி என்ற சிறு பெட்டி, அல்லது கணினியில் ஓடும் நிரல். காதில் 'கிர்ர்ர்' என்று அரை விநாடி கேட்கும்.

5. டிஜிபீட்டர். மலை மீதோ உயர்ந்த கட்டடத்திலோ இருக்கும் நிலையம் அந்தப் பாக்கெட்டைக் கேட்டு, நினைவில் வைத்து, அதே அதிர்வெண்ணில் மறுபடி அனுப்புகிறது. பேச்சுக்குப் பயன்படும் ரிப்பீட்டர் ஒரு அதிர்வெண்ணில் கேட்டபடியே இன்னொன்றில் பேசும். டிஜிபீட்டர் கேட்டு முடித்த பிறகுதான் பேசும்.

6. ஐகேட். இணைய இணைப்புள்ள நிலையம் கேட்டதை ஏபிஆர்எஸ்-ஐஎஸ் என்ற சர்வர் வலையமைப்புக்குத் தள்ளுகிறது. வரைபடத் தளங்கள் அங்கிருந்து எடுத்துக் காட்டுகின்றன.

அதிர்வெண் நாட்டுக்கு நாடு மாறும். வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800, ஆஸ்திரேலியாவில் 145.175, நியூசிலாந்தில் 144.575, ஜப்பானில் 144.660. மற்ற இடங்களில் வட்டார ஹாம் சங்கத்தைக் கேட்டுவிட்டு ரேடியோவைத் திருப்புவது நல்லது. யாரும் கேட்காத அதிர்வெண்ணில் ஒரு மாதம் கூவிவிட்டு ஆன்டெனாவைக் குறை சொல்பவர்கள் நிறைய.

அழைப்புக்குறிக்குப் பின்னால் வரும் '-9', '-7' போன்ற எண்கள் ஒருவரின் பல நிலையங்களைப் பிரித்துக் காட்ட. வழக்கத்தில் 9 கார், 7 கையடக்க ரேடியோ, 5 கைபேசிச் செயலி, 8 படகு, 10 ஐகேட், 11 பலூன், 13 வானிலை நிலையம். சட்டமல்ல, மரபு.

## ஒரு கிணறு, எத்தனை வாளி?

புதியவர்கள் அதிகம் தவறவிடும் பகுதி இது. கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

சாதாரணப் பாக்கெட் ஒன்று 85 பைட் என்று வைத்துக்கொள்வோம். 680 பிட். விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் சுமார் 0.57 விநாடி. பிடிடி (ரேடியோவைப் பேச வைக்கும் பொத்தான்) அழுத்தப்பட்டு ஒலிபரப்பி முழுத் திறனுக்கு வர விடும் இடைவெளி வழக்கமாக 0.3 விநாடி. ஆக, ஒரு பாக்கெட் கிட்டத்தட்ட ஒரு விநாடியைத் தின்கிறது. நிமிடத்துக்கு 60 பாக்கெட் போகும் என்று மனம் கணக்குப் போடும். போகாது.

காரணம், வண்டிகள் ஒன்றையொன்று கேட்பதில்லை. தாம்பரத்தில் ஒரு கார், திருவள்ளூரில் ஒரு கார். நடுவில் உயரத்தில் உள்ள டிஜிபீட்டருக்கு இரண்டும் நன்றாகக் கேட்கும், ஒன்றுக்கு மற்றது கேட்காது. 'சேனல் காலி' என்று நினைத்து இரண்டும் ஒரே நொடியில் பேசினால், டிஜிபீட்டரின் காதில் இரண்டும் குழம்பும். இப்படி ஒருவரை ஒருவர் கேட்காமல் இஷ்டப்படி அனுப்பும் முறையில், மொத்த நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதமே பயனுள்ள பாக்கெட்டாகத் தேறும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹா வலையமைப்பு 1970-களின் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுத்த பாடம் அது. 60-ல் 18 சதவீதம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 11 பாக்கெட். டிஜிபீட்டர் அவற்றை மறுபடி அனுப்பும் நேரமும் இதே கணக்கிலிருந்துதான் போகிறது.

இப்போது 20 பேர் ஆளுக்கு நிமிடம் ஒன்று என்று வைத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. தன் பாதை வரைபடத்தில் அழகாக வளைய வேண்டும் என்று 15 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் ஒருவர், ஊரின் கிணற்றில் பம்ப்செட் போட்டவர்.

அதற்கு மாற்றுத்தான் ஸ்மார்ட் பீக்கனிங். நேரத்தை மட்டும் பார்க்காமல், வேகத்தையும் திருப்பத்தையும் பார்த்து அனுப்பும் முறை. கார் ஒன்றுக்குத் தொடங்க ஏற்ற மதிப்புகள்:

1. குறை வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். அதற்குக் கீழே 30 நிமிடத்துக்கு ஒருமுறை.
2. மிகை வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அதற்கு மேலே 90 விநாடிக்கு ஒருமுறை. நடுவில் இடைவெளி தானாகச் சுருங்கி விரியும்.
3. 30 பாகைக்கு மேல் திரும்பினால் உடனே ஒன்று. ஆனால் இரண்டு திருப்பங்களுக்கு இடையே குறைந்தது 15 விநாடி.

மூன்றாவதில் ஒரு கண்ணி உண்டு. சிக்னலில் நிற்கும் வண்டிக்கு ஜிபிஎஸ் திசை தாறுமாறாகச் சுழலும். குறை வேக வரம்பை பூஜ்யத்தில் வைத்தால், நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருப்பதாக நினைத்து டிராக்கர் பாக்கெட்டாகக் கொட்டும்.

நிலையான வீட்டு நிலையத்துக்கு 30 நிமிடம் போதும். வீடு எங்கும் போய்விடாது.

## 'வைட்' என்ற மந்திரம்

பாக்கெட்டின் உறையில் வழி என்று ஒரு பகுதி உண்டு. அதில் குறிப்பிட்ட டிஜிபீட்டரின் பெயரை எழுதத் தேவையில்லை. 'வைட்2-1' என்றால், வைட் குடும்பத்தைச் சேர்ந்த எந்த டிஜிபீட்டரும் ஒருமுறை மறு ஒலிபரப்பலாம். 'வைட்2-2' என்றால் இரண்டு தாவல். ஒவ்வொரு தாவலிலும் கடைசி எண் ஒன்று குறையும். பூஜ்யமானால் பயணம் முடிந்தது.

'வைட்1-1' சற்று வேறு. பெரிய மலை நிலையம் வரை எட்டாத பலவீனமான கார்களுக்கு, பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும் சிறு டிஜிபீட்டர் ஒரு கை கொடுக்கத்தான் அது. சிறு நிலையங்கள் 'வைட்1-1'-க்கு மட்டுமே பதில் சொல்லும்படி அமைக்கப்படும். எனவே:

1. நகரும் வண்டி: வைட்1-1, வைட்2-1. மொத்தம் இரண்டு தாவல்.
2. மாடியில் ஆன்டெனா உள்ள வீடு: வைட்2-1.
3. விமானம், பலூன்: உயரம் ஏறிய பின் வழியே வேண்டாம்.

மூன்றாவதற்குக் காரணம் தொடுவானம். ரேடியோ தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில், உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிடைக்கும். இரு முனைகளின் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 1.5 மீட்டர் உயரத்தில் கையில் ரேடியோ, 100 மீட்டர் உயரத்தில் டிஜிபீட்டர் என்றால் 5-உம் 41-உமாகச் சேர்த்து 46 கிலோமீட்டர். டிஜிபீட்டர் சுற்றுப்புறச் சமவெளியை விட 1000 மீட்டர் உயர்ந்த மலையில் இருந்தால் 135. பலூன் 30 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் 700-க்கும் மேல். அந்த உயரத்திலிருந்து 'வைட்2-2' என்று அனுப்பினால், அந்த வட்டத்துக்குள் உள்ள அத்தனை டிஜிபீட்டரும் ஒரே பாக்கெட்டைத் திருப்பிக் கூவும். ஒரு பலூன் ஒரு மாநிலத்தின் சேனலையே அடைத்துவிடும்.

வேண்டுமென்றே 'வைட்7-7' என்று போடுபவர்களும் உண்டு. இப்போது பெரும்பாலான டிஜிபீட்டர்கள் அப்படி வருவதை வடிகட்டிவிடும். அனுப்பியவருக்குக் கிடைப்பது ஒரு தாவலும் இல்லாத நிலை.

## முதலில் கேளுங்கள்

கேட்கும் நிலையம் போட அதிகம் செலவில்லை. யூஎஸ்பி டிவி டாங்கிள் வடிவில் வரும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவர் ஒன்று, ராஸ்பெரி பை அல்லது பழைய மடிக்கணினி ஒன்று, டயர்வுல்ஃப் என்ற இலவச நிரல். ரிசீவர் நிரல் தரும் ஒலியின் மாதிரி விகிதமும் டயர்வுல்ஃப் எதிர்பார்க்கும் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டிலும் விநாடிக்கு 24,000 என்று வைத்தால் சரி. ஒன்று 24,000, இன்னொன்று 48,000 என்றிருந்தால் சுருதி மாறிவிடும், ஒரு பாக்கெட்கூடப் பிரியாது. பிழைச் செய்தியும் வராது.

ஆன்டெனாவுக்கு அளவு: 144.39 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 52 சென்டிமீட்டர், கம்பியின் தடிமனுக்குக் கழித்து 49. நடுவில் நிமிர்ந்த ஒரு 49 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி, கீழே 45 பாகை சாய்வில் அதே நீளத்துக்குச் சற்று மேலாக நான்கு கம்பிகள். மொட்டை மாடியில் நிறுத்தினால் போதும். டாங்கிளோடு வரும் குட்டி ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்துவிட்டு 'எங்கள் ஊரில் யாரும் இல்லை' என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

சாதாரண ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து ஒலி எடுப்பவர்கள், யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச்சை முழுவதும் திறந்து வைக்க வேண்டும். ஸ்கெல்ச் திறப்பதற்குள் பாக்கெட்டின் தலை போய்விடும். தலை போனால் முழுதும் போச்சு. கையடக்க ரேடியோக்களின் பேட்டரிச் சேமிப்பு வசதியும் இதையே செய்யும். ரிசீவரை விட்டு விட்டுத் தூங்கவைப்பதுதான் அதன் வேலை.

## பிறகு அனுப்புங்கள்

இங்கிருந்து உரிமம் கட்டாயம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, விதிப்படி உரிமம் பெற்றவர் மட்டுமே 144–146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒலிபரப்பலாம். கைபேசியில் ஏபிஆர்எஸ்டிராய்ட் செயலியை நிறுவி இணையம் வழியாக மட்டும் இடம் அனுப்புபவருக்கும் அழைப்புக்குறி தேவை. அந்த வலையமைப்பு உரிமம் பெற்ற ஹாம்களுக்கு உரியது.

கணினியையும் ரேடியோவையும் இணைக்கத் தேவையானவை குறைவு:

1. கணினியின் ஒலி வெளியீடு கிட்டத்தட்ட 1 வோல்ட். ரேடியோவின் மைக் உள்ளீட்டுக்கு வேண்டியது 10 மில்லிவோல்ட் அளவே. 10 கிலோஓம், 100 ஓம் மின்தடைகளால் ஒரு பிரிப்பான் போட்டால் நூறில் ஒன்றாகக் குறையும்.
2. மைக் முனையில் மின்னழுத்தம் இருக்கும். அது திரும்பி வராமலிருக்க 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று தொடரில்.
3. பிடிடி அழுத்த 2என்2222 டிரான்சிஸ்டரும் 1 கிலோஓம் மின்தடையும், அல்லது ஒரு ஆப்டோகப்ளர். இயக்குவது யூஎஸ்பி-சீரியல் கேபிளின் ஆர்டிஎஸ் முனை.

குரல் கேட்டுத் தானாகப் பிடிடி அழுத்தும் வாக்ஸ் வசதி இருக்கிறதே என்று மூன்றாவதை விட்டுவிடுபவர்கள் உண்டு. வாக்ஸ் தாமதமாகத் திறக்கும், பேச்சு முடிந்த பிறகும் ஒரு விநாடி பிடித்துக்கொண்டிருக்கும். அரை விநாடிச் செய்திக்கு ஒரு விநாடி வாலா?

ஒலி அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதிர்வெண் விலகல், அதாவது ஒலிக்கேற்ப அலையின் அதிர்வெண் நகரும் அளவு, 3 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அளவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. இரண்டாவது ரேடியோவில் கேட்டபடி, முதல் ரேடியோவில் 2200 ஹெர்ட்ஸ் சுருதியைத் தொடர்ந்து அனுப்புங்கள். ஒலி அளவை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கேட்கும் சத்தம் அதற்கு மேல் கூடாது. ரேடியோவின் வரம்பு, அதாவது சுமார் 5 கிலோஹெர்ட்ஸ், அங்கே வந்துவிட்டது. அதிலிருந்து பத்தில் ஆறு பங்குக்கு இறக்கி நிறுத்துங்கள். 'சத்தமாக இருந்தால் தூரம் போகும்' என்பது பேச்சில் வந்த பழக்கம். இங்கே அலையின் உச்சி நசுங்கி, பக்கத்திலிருப்பவருக்குக்கூடப் பிரியாது.

ரேடியோவின் தொடர் ஒலிபரப்பு வரம்பை 60 விநாடிக்கு அல்லது அதற்கும் கீழே வைத்துவிடுங்கள். ஆன்டெனாவின் அலை ஒலிக் கேபிளுக்குள் புகுந்து பிடிடியைப் பிடித்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும். கேபிளில் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால், கவனிப்பாரற்ற ஒரு கார் மொத்தச் சேனலையும் மணிக்கணக்கில் அடைத்து வைத்திருக்கும்.

## கார் ஏன் கடலில் நிற்கிறது?

நிலையான நிலையத்தின் இடத்தைக் கையால் உள்ளிடும்போது வரும் பிழை இது. கைபேசி வரைபடம் 13.0827, 80.2707 என்று பாகையின் தசமத்தில் தருகிறது. ஏபிஆர்எஸ் கேட்பது பாகையும் கலையும். புள்ளியை இடம் மாற்றி '1308.27', '08027.07' என்று போட்டுவிடுகிறார்கள். 4.96 கலை இருக்க வேண்டிய இடத்தில் 8.27. வடக்கே 6 கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. 16.24-க்குப் பதில் 27.07. கிழக்கே ஏறத்தாழ 19.5 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிழக்கே அவ்வளவு தூரம் போனால் வங்காள விரிகுடாதான். சரியான வழி, தசமப் பகுதியை 60-ஆல் பெருக்குவது: 0.0827 பெருக்கல் 60, 4.96. இதே பிழையைக் கடலோரமில்லாத ஊரில் செய்பவருக்குக் கடல் காட்டிக்கொடுக்காது. பக்கத்து ஊரில் நிற்பார், பல மாதம் யாருக்கும் தெரியாது.

மற்ற வழக்கமான கோளாறுகள்:

1. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் நிற்பது. ஜிபிஎஸ் இன்னும் செயற்கைக்கோள்களைப் பிடிக்கவில்லை, டிராக்கர் 0, 0 என்று அனுப்பிவிட்டது. அந்த இடம் கினி வளைகுடாவில் இருக்கிறது. இடம் உறுதியாகும்வரை அனுப்பாதே என்ற அமைப்பை இயக்க வேண்டும்.

2. முன்னால் போன கார் பின்னால் குதிப்பது. ஏதோ ஒரு டிஜிபீட்டரோ ஐகேட்டோ பழைய பாக்கெட்டைத் தாமதமாக அனுப்பியிருக்கிறது. ஒரே பாக்கெட் இரண்டாம் முறை வந்தால் சர்வர் தள்ளிவிடும், ஆனால் அந்த நினைவு சுமார் 30 விநாடிதான். அதற்கு மேல் தாமதமாக வந்தது புதுச் செய்தியாகவே தெரியும். குற்றம் காருடையது அல்ல.

3. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ஜிபிஎஸ் அறுந்துபோவது. 5 வாட் ஆன்டெனாவுக்கு ஒட்டினாற்போல் ஜிபிஎஸ் ரிசீவர். காரில் ஒன்று டேஷ்போர்டில், மற்றது கூரையின் பின்பகுதியில் இருந்தால் தொல்லை இல்லை.

4. சென்னையில் பூஜ்யம் டிகிரி. வானிலைப் பாக்கெட்டில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் போக வேண்டும். செல்சியஸ் 32-ஐ அப்படியே அனுப்பினால் வரைபடத் தளம் அதை 32 ஃபாரன்ஹீட் என்று படித்து, உறைநிலை என்று காட்டும். வண்டியின் வேகம் 'நாட்' என்ற கடல் மைல் அலகில், உயரம் அடியில், மழை அங்குலத்தின் நூறில் ஒரு பங்கில். அமெரிக்காவில் பிறந்ததன் தழும்புகள்.

5. ரேடியோவில் கேட்கிறது, வரைபடத்தில் இல்லை. வட்டாரத்தில் ஐகேட் இல்லை, அல்லது இருப்பது நின்றுபோயிருக்கிறது. ஏபிஆர்எஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இணையம்தான் பார்க்கவில்லை.

கேட்டு இணையத்துக்கு அனுப்ப மட்டும் செய்யும் ஐகேட்டுகள் மலிவாக இருப்பதால் பெருகிவிட்டன. வரைபடம் நிறைகிறது. ஆனால் இணையத்திலிருந்து ஒருவர் அனுப்பும் 67 எழுத்துக் குறுஞ்செய்தி காரில் இருப்பவரின் திரைக்கு வர, ஒலிபரப்பும் வசதியுள்ள ஐகேட் ஒன்றாவது அவருக்கு எட்டும் தூரத்தில் வேண்டும். அது இல்லாத ஊரில் ஏபிஆர்எஸ் ஒருவழிப் பாதை. புருனிங்கா எதற்கு வருந்தினாரோ, அதுவே.

வெள்ளக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிக் கோபுரங்கள் படுத்துவிட்டன. பள்ளிக்கூடம் ஒன்று நிவாரண முகாமாகிறது. அங்கே ஜிபிஎஸ்ஸும் இல்லை, டிராக்கரும் இல்லை. ஒரு ஹாம் தன் இடத்திலிருந்தே 'முகாம்' என்ற பொருளை (வரைபடக் குறியை) அந்தப் பள்ளியின் இடத்தில் வைக்கலாம். ஆங்கில எழுத்தில் 9 எழுத்துக்குள் பெயர், கூடவே 'குடிநீர் தேவை' என்பது போன்ற குறிப்பு. டிஜிபீட்டர் எட்டும் அத்தனை பேரின் திரையிலும் அது தோன்றும். இணையம் ஒரு துளியும் தேவையில்லை. நகரும் கார்களைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ பெரிய வேலை. கற்றுவைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்.

## வானத்து டிஜிபீட்டர்கள்

145.825 மெகாஹெர்ட்ஸில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் டிஜிபீட்டர் உண்டு. வழியில் 'அரிஸ்' என்று எழுதி அனுப்பினால் திருப்பிக் கூவும். தலைக்கு மேலாகக் கடக்க அதிகபட்சம் 10 நிமிடம். டாப்ளர் விளைவால் அதிர்வெண் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை நகரும், எஃப்எம் ரிசீவருக்கு அது பொறுக்கும். கடற்படைக் கல்விக்கழகத்தின் ஏபிஆர்எஸ் செயற்கைக்கோளான பிசிசாட் 2001 செப்டம்பரில் பறந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2015 செப்டம்பர் 28-ல் அஸ்ட்ரோசாட்டைச் சுமந்து சென்ற பிஎஸ்எல்வி-சி30-ல், ஏபிஆர்எஸ் டிஜிபீட்டர் கொண்ட இந்தோனேசியாவின் லாபான்-ஏ2 செயற்கைக்கோளும் போனது. 2019 ஏப்ரல் 1-ல் ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி45-ன் நான்காம் கட்டம், வேலை முடிந்த பின் வெறும் குப்பையாகச் சுற்றாமல், ஹாம் செயற்கைக்கோள் ஆர்வலர்களின் அமைப்பான ஆம்சாட் இந்தியாவின் ஏபிஆர்எஸ் கருவியைச் சுமந்து சுற்றியது.

## லோரா: மலிவு, ஆனால் கவனம்

குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறையான லோராவின் சில்லுகள் கொண்ட சிறு பலகைகள் இப்போது டிராக்கராக மாறியிருக்கின்றன. ஜிபிஎஸ், பேட்டரி, ரேடியோ எல்லாம் ஒரே பலகையில். ஐரோப்பாவில் 433.775 மெகாஹெர்ட்ஸ், எஸ்எஃப்12 (மெதுவான, ஆனால் அதிக தூரம் எட்டும் படி), 125 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்ற அமைப்பு பரவலாக உள்ளது. இரைச்சலுக்கு அடியில் புதைந்த சமிக்ஞையையும் தோண்டியெடுக்கும் என்பது உண்மை. வேகம் என்று பார்த்தால் விநாடிக்கு 300 பிட்டுக்கும் குறைவு. 50 பைட் செய்திக்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகும், பழைய 1200 பிட் முறையைவிட நீளம். கிணறு இன்னும் சிறிது.

இந்தியாவில் இருப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. இங்கே 70 சென்டிமீட்டர் அமெச்சூர் பட்டை 434–438 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பிய நிரலை அப்படியே ஏற்றினால் கிடைக்கும் 433.775 அதற்கு வெளியே இருக்கிறது. உரிமம் கையில் இருந்தாலும் அங்கே அமெச்சூராக ஒலிபரப்ப அது செல்லாது. நிரலில் அதிர்வெண்ணை மாற்றிய பிறகே ஆன்டெனாவை மாட்டி மின்சாரம் கொடுங்கள். ஆன்டெனா இல்லாமல் இயக்கினால் சில்லு போய்விடக்கூடும்.

## யார் கண்காணிக்கிறார்கள்?

யாரும் இல்லை, எல்லாரும்தான். ஏபிஆர்எஸ்ஸில் காருக்குச் சொந்தக்காரர் தானே வலிந்து அனுப்பினால்தான் இடம் தெரியும். அனுப்பிவிட்டாலோ, மறைக்க வழியில்லை. அமெச்சூர் அலைவரிசையில் பொருளை மறைக்கும் குறியாக்கத்துக்கு இடமில்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சேமிக்கலாம். ஒரு தளத்திலிருந்து நீக்கினாலும் இன்னொருவரின் வட்டில் இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. ஏபிஆர்எஸ்-ஐஎஸ் சர்வரில் நுழையக் கேட்கும் கடவு எண், அழைப்புக்குறியிலிருந்து ஒரு எளிய சூத்திரத்தால் கணக்கிடப்படுவது. சூத்திரம் பல ஆண்டுகளாகப் பொதுவெளியில் இருக்கிறது. எனவே வேறொருவரின் அழைப்புக்குறியில் பொய்யான இடத்தை யாராலும் ஏற்ற முடியும். 'வரைபடத்தில் அங்கே காட்டியதே' என்பது சாட்சியாக நிற்காது.

வீடு தெரிய வேண்டாம் என்பவருக்கு நெறிமுறையிலேயே ஒரு வசதி இருக்கிறது. கலையின் தசம இலக்கங்கள் இரண்டையும் வெற்றிடமாக விட்டு அனுப்பினால், இடம் ஒரு கலை அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டருக்கு மங்கும். வீட்டு நிலையத்துக்கு அது போதும். காருக்கு அது போதாது. தினமும் மாலையில் ஒரே தெருமுனையில் கோடு முடிவதைப் பார்ப்பவருக்கு மீதியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே டிராக்கரை அணைத்துவிட்டு, காலையில் அதே தூரம் தாண்டிய பிறகு போடுவதுதான் வழி. சில டிராக்கர்களில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் முன்பக்கத்தில் வைத்திருப்பார்கள்.